திருப்பிச் சொல்லும் வரை

நவம்பர் 4, திங்கள்

ஃப்ளோரா மிஸ் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். வெண்பாவுக்கு வாரம் இரண்டு நாள் தனிப்பயிற்சி கொடுப்பவர் அவர். "தினமும் எத்தனை நிமிஷம் ஒரே வேலையில உட்கார்ந்தா, எது கலைச்சுதுன்னு குறிச்சு வைங்கம்மா. உங்க மனசுல தோணுறதையும் எழுதுங்க" என்றார். நிமிடங்களைத் தனித்தாளில் எழுதி அவரிடம் கொடுத்துவிடுவேன். மனதில் தோன்றுவதெல்லாம் அவர் படிப்பதற்கில்லை.

வெண்பாவுக்கு ஒன்பது வயது, நான்காம் வகுப்பு. படிப்பதில் குறைபாடு, கவனம் நிற்பதில் குறைபாடு, இரண்டும் இருக்கிறது என்று போன வருடம் கோயமுத்தூரில் சோதித்துத் தாள் கொடுத்தார்கள். தமிழ்மேல் இருக்கிற பிரியத்தில் இவர் அந்தப் பெயரை வைத்தார். அதைப் பிழையில்லாமல் எழுத அவளுக்கு மூன்று வருடம் ஆனது. இவர் என்றால் என் வீட்டுக்காரர் மோகனசுந்தரம். கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார்.

அக்டோபர் 28 அன்று பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. அரையாண்டுத் தேர்வை யாரும் பக்கத்தில் உட்காராமல் அவளே எழுத வேண்டும். முடியாவிட்டால் ஜனவரியில் வேறு பள்ளி பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படி அனுப்பச் சட்டத்தில் இடமில்லை என்கிறார் ஃப்ளோரா மிஸ். சட்டம் வந்து வகுப்பில் அவள் பக்கத்தில் உட்காருமா? தேர்வு டிசம்பர் 9 தொடக்கம். இன்னும் முப்பத்தைந்து நாள்.

எனக்கு இப்போது விடுப்பு. பதினான்கு வருடமாக ரயில்வேயில் இருக்கிறேன், சரக்கு ரயில் ஓட்டுகிறேன். நிறைய விடுப்பு சேர்ந்து கிடந்தது.

இன்று 4 நிமிடம். கலைத்தது: மின்விசிறி.

நவம்பர் 5

3 நிமிடம். கலைத்தது: பென்சில் சீவும் பெட்டி. அதற்குள் இருக்கும் சுருள் எங்கே போகிறது என்று கேட்டாள்.

நவம்பர் 7

2 நிமிடம். முதல் வரியில் பாதி படித்தாள், மூன்றாவது வரிக்குத் தாவினாள், பிறகு பக்கத்து வீட்டில் தாளிக்கிற வாசனையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். வாய் ஒரு பக்கம் வாசிக்கிறது, கண் ஜன்னலில் இருக்கிறது. "எங்கடி பாக்கற?" என்று கத்தினேன். கொஞ்சம் அதிகமாகவே கத்திவிட்டேன் போலிருக்கிறது. இவர் கடையிலிருந்து வந்ததும் அவள் போய் ஒப்பித்திருக்கிறாள்.

"புள்ளகிட்ட மெதுவாத்தான் சொல்லேன் கலாமணி. நீ வேற எதுக்கோ இருக்கற கோவத்த அதுமேல காட்டற."

"வேற எதுக்கு எனக்குக் கோவம்?"

"போச்சாது உடு" என்று கை கழுவப் போய்விட்டார்.

பெரிய எழுத்தில் பாடங்களை நகலெடுத்து வந்திருக்கிறார். நல்ல மனிதர்தான். ஆனால் நகலெடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறவர்.

நவம்பர் 11, திங்கள்

ஃப்ளோரா மிஸ்ஸின் அறை மாடியில். வெண்பா மணி கோக்கும்போது அவர் என்னிடம் கேட்டார், "நீங்க ரயில் ஓட்டுறப்ப எப்படிம்மா மணிக்கணக்கா கவனம் வைக்கிறீங்க? எனக்கெல்லாம் தூக்கம் வந்துடும்."

சொன்னேன். சிக்னல் கண்ணில் பட்டதும் ஓட்டுநரும் உதவியாளரும் கையை நீட்டிக் காட்டி அதன் நிறத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒருவர் "மஞ்சள்" என்றால் மற்றவரும் பார்த்துவிட்டு "மஞ்சள்" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். மனதுக்குள் சொல்லிக்கொள்வது கணக்கில் வராது. ஆயிரம் தடவை போன வழியாக இருந்தாலும் ஒவ்வொரு சிக்னலுக்கும் கை, வாய், பதில். சந்தேகம் என்றால் நின்றுவிட வேண்டும்.

அவர் மணிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார். "இதையேதாம்மா இவளுக்குச் செய்யணும்! விரல் வைக்கட்டும், சொல்லட்டும், நீங்க திருப்பிச் சொல்லுங்க. கண்ணு, கை, வாய், காது நாலும் ஒரே இடத்துல நிக்கும். எப்படி இருக்கு?"

நன்றாகத்தான் இருந்தது.

"அப்ப உங்க வேலையில தப்பே நடக்காதா?" என்றார்.

நடக்காது என்றேன்.

நவம்பர் 12

சாப்பாட்டு மேசைதான் என்ஜின். வெண்பா ஓட்டுநர், நான் உதவியாளர். அட்டையில் விதிகளை எழுதி ஒட்டினேன்.

விரல் வை. வாய்விட்டுச் சொல். திருப்பிச் சொல்லும் வரை காத்திரு. திருப்பிச் சொல்லாமல் எதையும் தாண்டாதே.

கடைசி விதியைச் சிவப்பு மையில் எழுதச் சொன்னாள். எழுதினேன். ஒரு வரி படித்தாள், கையை உயர்த்தினாள், நான் அந்த வரியைத் திருப்பிச் சொன்னேன், அடுத்த வரிக்குப் போனாள்.

7 நிமிடம்! இந்த வீட்டில் அவள் ஏழு நிமிடம் உட்கார்ந்தது காய்ச்சலில்தான்.

நவம்பர் 15

11 நிமிடம். காஸ் சிலிண்டர்காரர் மணி அடித்தார். வெண்பா எழுந்திருக்கவில்லை. "அம்மா, நீ இன்னும் திருப்பிச் சொல்லல" என்று கையைத் தூக்கியபடியே இருந்தாள். சொல்லிவிட்டுத்தான் கதவைத் திறந்தேன்.

அலுவலகத்திலிருந்து தபால். 20ஆம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள்.

நவம்பர் 18

12 நிமிடம். பத்மநாபன் மூன்று முறை போன் செய்தார். என்னோடு வண்டியில் வரும் உதவியாளர். என்னைவிட ஏழு வயது மூத்தவர், பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு உதவியாளராகவே இருக்கிறவர். எடுக்கவில்லை. மாவு அரைத்துக்கொண்டிருந்தேன்.

"எடுத்து ஒரு வார்த்த பேசுனா என்ன?" என்றார் இவர்.

கிரைண்டர் சத்தத்தில் எப்படிப் பேசுவது?

நவம்பர் 20

அலுவலகம் சொன்னபடி வெளியூர் போய் கவனச் சோதனைக்கு உட்கார்ந்துவிட்டு வந்தேன். திரையில் விளக்குகள் எரியும், சரியான நிறத்துக்கு மட்டும் பொத்தானை அழுத்த வேண்டும். இருபது நிமிடம். பக்கத்து நாற்காலியில் இருந்தவருக்கு வியர்த்துக் கொட்டியது. எனக்கு ஒன்றும் இல்லை. தேறிவிட்டேன் என்று அங்கேயே சொன்னார்கள். கவனத்தில் குறை எதுவும் இல்லையாம், தாள் கொடுத்திருக்கிறார்கள். இப்போது வீட்டில் இரண்டு தாள் இருக்கிறது, இரண்டையும் ஒரே கோப்பில் வைத்தேன்.

வெண்பா 12. இவரோடு உட்கார்ந்தாள்.

நவம்பர் 23, சனி

ஸ்கூட்டரில் கடைத்தெருவுக்குப் போனோம். இப்போதெல்லாம் ஒவ்வொரு சிக்னலிலும் பின்னாலிருந்து கை நீட்டிச் சொல்கிறாள். நான் திருப்பிச் சொல்கிறேன். பூங்கா சிக்னலில் நின்றுகொண்டிருந்தோம். என்ன வாங்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"பச்சை!" என்றாள்.

"பச்சை" என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏமாந்துட்டியா? செவப்புதான் எரியுது! நீ பாக்காமயே சொல்ற!"

வண்டியை ஓரமாக நிறுத்தி முதுகில் ஒன்று வைத்தேன். ரோட்டில் விளையாட்டு என்ன விளையாட்டு? பின்னால் பஸ் நின்றது. அதற்காகத்தான் அடித்தேன்.

துவரம்பருப்பு வாங்க மறந்துவிட்டேன்.

நவம்பர் 24

0 நிமிடம். உட்கார மாட்டேன் என்றாள். நான் கூப்பிடவும் இல்லை.

சாயங்காலம் தேன்மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

நவம்பர் 26

17 நிமிடம். அவளாகவே அட்டையில் ஒரு விதியைச் சேர்த்திருக்கிறாள். எழுத்து கோணல், ஆனால் பிழை ஒன்றுதான். "பாத்துட்டு சொல்." எனக்காம்.

நவம்பர் 29, வெள்ளி

பத்மநாபன் வீட்டுக்கே வந்துவிட்டார். போன் எடுக்காவிட்டால் வேறென்ன செய்வார்? காபி கொடுத்தேன்.

"நீங்க எழுதிக் குடுத்தத எனக்கும் காட்டுனாங்க கலாமணி. உதவியாளர் கூப்பிட்டது காதுல விழலன்னு எழுதியிருக்கீங்க."

"விழல."

"சரிங்க. ரெண்டு பேத்துக்கும் வயித்துப்பொழப்பு. உங்களத் தப்பு சொல்ல வரல. பன்னண்டாந்தேதி விசாரணை. நான் என்ன சொல்லோணும்னு கேட்டுட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

இவ்வளவு மரியாதையாகக் கேட்டால் கோபம்தான் வருகிறது. நான் பதில் சொல்வதற்குள் மேசையிலிருந்து வெண்பா கேட்டாள், "அங்கிள், நீங்க என்ன கலர் சொன்னீங்க?"

"மஞ்சள்னு சொன்னேன் கண்ணு."

"அம்மா திருப்பிச் சொன்னாங்களா?"

அவர் டம்ளரையே பார்த்தார். "சொன்னாங்க."

வெண்பா என்னைப் பார்த்தாள். உள்ளே போய்ப் படி என்று விரட்டினேன். காபியில் சர்க்கரை கொஞ்சம் குறைச்சல் என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார்.

15 நிமிடம்.

நவம்பர் 30

இந்த நோட்டில் நான் விடுப்பில் இருப்பதாக முதல் நாள் எழுதியிருக்கிறேன். விடுப்பு இல்லை. அக்டோபர் 29 முதல் என்னை வண்டியில் ஏற்றுவதில்லை. மஞ்சள் என்றால் அடுத்தது சிவப்பாக இருக்கலாம், வேகத்தைக் குறைக்க வேண்டும்; நான் குறைக்காமல் போனேன். வளைவு திரும்பியதும் சிவப்பு தெரிந்தது. பத்மநாபன்தான் கத்திக்கொண்டே அவசர பிரேக்கை இழுத்தார். சிவப்புக்கு எட்டு மீட்டர் முன்னால் வண்டி நின்றது. அந்தப் பக்கம் லைனில் ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

அவ்வளவுதான். இதில் எழுத வேறொன்றும் இல்லை.

18 நிமிடம்.

டிசம்பர் 5

24 நிமிடம்! ஃப்ளோரா மிஸ்ஸுக்குப் போன் செய்தேன். அவர் சந்தோஷத்தில் வீட்டில் யாரையோ கூப்பிட்டுச் சொன்னார். "தேர்வுல நீங்க பக்கத்துல இருக்க மாட்டீங்க. தனியாச் செய்யவும் பழக்கிட்டீங்கதானே?" என்றார். பழக்கிவிட்டேன் என்றேன். நேற்று நான் சமையலறையில் இருக்கும்போது அரைப் பக்கம் படித்தாள். அங்கிருந்தே நான் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 8

சீருடை தேய்த்தாயிற்று. பென்சில் நான்கு. இவர் சாமிக்குச் சூடம் காட்டினார். வெண்பா சீக்கிரம் தூங்கிவிட்டாள்.

டிசம்பர் 9, திங்கள்

பன்னிரண்டு மணிக்குப் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். தலைமையாசிரியை மேசையில் வெண்பாவின் தமிழ்த் தாள் இருந்தது. பெயர் எழுதியிருந்தாள். வேறு ஒரு எழுத்து இல்லை.

வகுப்பு ஆசிரியைக்குக் கோபமா பயமா தெரியவில்லை. "ரெண்டு மணி நேரம் கையத் தூக்கிட்டே உட்கார்ந்திருக்கா மேடம். மொதல்ல 'கேள்வி ஒண்ணு'ன்னு சத்தமாச் சொன்னா. பேசக் கூடாதுன்னு சொன்னேன். அப்புறம் கையத் தூக்கினா. பாத்ரூம் போல இருக்குன்னு அனுப்பினேன். போயிட்டு வந்து மறுபடியும் தூக்கினா. எழுதுடின்னா எழுத மாட்டேங்கறா. அவளா ஒரு தடவகூட எடத்த விட்டு எந்திரிக்கல. இந்த வகுப்புலயே அசையாம இருந்தது இவ ஒருத்திதான்."

வெளியே பெஞ்சில் இருந்த வெண்பாவிடம் போனேன். இடது கை வலக்கையைப் பிடித்து அமுக்கிக்கொண்டிருந்தது.

"ஏன் சாமி எழுதல?"

"யாரும் திருப்பிச் சொல்லலம்மா."

"தேர்வுல யாரும் சொல்ல மாட்டாங்க கண்ணு."

"அத நீ சொல்லவே இல்லியே. தாண்டக் கூடாதுன்னுதான சொன்ன? எனக்கு மொத கேள்வி தெரியும். ஆனா சரியாப் பாத்தனா தப்பாப் பாத்தனான்னு தெரியல. அதான் நின்னுட்டேன்."

அங்கேயே அழுதேன். பள்ளி வராண்டாவில், பிள்ளைகள் சாப்பாட்டுப் பையோடு போய்க்கொண்டிருக்கும்போது. அவள் செய்ததில் ஒரு தப்பும் இல்லை. பதில் வரவில்லை, நின்றுவிட்டாள். நான் எழுதிக்கொடுத்த விதி அது. எனக்கு நிறத்தைச் சொன்னார்கள், நானும் பதில் சொன்னேன், நிற்கவில்லை.

டிசம்பர் 10

காலையிலேயே ஃப்ளோரா மிஸ்ஸைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியை முதலில் பிடி கொடுக்கவில்லை. "யாரும் பக்கத்துல இருக்கக் கூடாதுன்னுதான் நிபந்தனையே. ஒண்ணுமே எழுதலையேம்மா."

"தப்பு என்னோடதுங்க. பாதிதான் சொல்லிக் குடுத்திருக்கேன். மீதிய இனிமே சொல்லிக் குடுக்கறேன். இந்தத் தேர்வுக்கு மட்டும் ஒரு ஆளு வேணும்" என்றேன். எனக்கு இப்படிக் கெஞ்சத் தெரியும் என்று எனக்கே தெரியாது.

இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு உதவி ஆள் வைத்துக்கொள்ள அனுமதி உண்டு என்று ஃப்ளோரா மிஸ் கோயமுத்தூர் தாளை எடுத்து வைத்தார். ஆசிரியர்கள் யாரும் கிடைக்க மாட்டார்கள் என்று தலைமையாசிரியை சொன்னார். திருப்பிச் சொல்ல ஆசிரியர் எதற்கு? கடைசியில் பள்ளி ஆயா பாப்பாத்தி அக்காவைக் கூப்பிட்டார்கள். வராண்டாவில் தனியாக ஒரு மேசை போட ஒப்புக்கொண்டார்கள்.

டிசம்பர் 11

ஆங்கிலத் தேர்வு. முழுதும் எழுதினாள்!

பாப்பாத்தி அக்காவிடம் எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். "எனக்கு எழுத்து அவ்வளவாத் தெரியாதுங்க. அது கை வெச்ச எடத்த நல்லாப் பாப்பேன், 'ஒண்ணு'ன்னா 'ஆமா சாமி, ஒண்ணு'ம்பேன். நம்பரு தெரியுமில்லீங்க. ஒருக்கா ரெண்டத் தாண்டி மூணுல வெச்சுருச்சு. 'இல்ல சாமி, ரெண்டு பாக்கி'ன்னேன்."

படிக்கத் தெரியாத அம்மாள் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்லியிருக்கிறாள்.

டிசம்பர் 12

விசாரணை. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். பத்மநாபன் என் பக்கத்து நாற்காலியில். என்னிடம் முதலில் கேட்டார்கள்.

"உதவியாளர் சிக்னலைச் சொன்னாரா?"

"சொன்னாருங்க. மஞ்சள்னு."

"காதுல விழலன்னு எழுதிக் குடுத்திருக்கீங்களே?"

"அது பொய்ங்க. விழுந்துது. நானும் மஞ்சள்னு திருப்பிச் சொன்னேன். பாக்காமச் சொன்னேன்."

"அப்ப எதப் பாத்துட்டிருந்தீங்க?"

எதையும் பார்க்கவில்லை. முந்தின நாள் வந்த பள்ளிக் கடிதத்தை மனதுக்குள் வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தேன். அதையும் சொன்னேன். ஒருவர் எழுதிக்கொண்டார். பத்மநாபன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

வெளியே வந்து டீ வாங்கிக் கொடுத்தார். சர்க்கரை சரியாக இருக்கிறதா என்று கேட்டேன். "நல்லா இருக்குதுங்" என்றார்.

டிசம்பர் 14

வெண்பா 14 நிமிடம். குறைந்துவிட்டது. ஆனால் இது வேறு கணக்கு. இப்போது அவளே சொல்லி, அவளே விரல் வைத்த இடத்தை இன்னொரு முறை பார்த்து, அவளே பதிலும் சொல்ல வேண்டும். ஓட்டுநரும் உதவியாளரும் ஒரே ஆள். கஷ்டம்தான். ஐந்தாவது வரியில், "நானே சொல்லி நானே ஆமான்னா, ஏமாத்தறதில்லையா?" என்று கேட்டாள். பார்த்துவிட்டுச் சொன்னால் இல்லை என்றேன்.

டிசம்பர் 23

தாள்கள் வந்தன, ஒவ்வொன்றும் ஐம்பதுக்கு. தமிழ் 0. ஆங்கிலம் 26. கணக்கு 33. மற்ற இரண்டிலும் பாதிக்குமேல். தமிழில் பூஜ்யம் என்றதும் இவருக்கு முகம் செத்துவிட்டது. பிறகு கணக்குத் தாளை நான்கு நகல் எடுத்து வந்து, ஒன்றைக் கடைச் சுவரில் ஒட்டிவிட்டார்.

ஆண்டுத் தேர்வு வரை வெண்பா அங்கேயே படிக்கலாம், வராண்டா மேசையும் இருக்கும் என்று தலைமையாசிரியை எழுதிக் கொடுத்தார். ஏப்ரலில் மறுபடி பார்ப்பார்களாம். பார்க்கட்டும்.

ஜனவரி 3

எனக்கும் தபால் வந்தது. இரண்டு வருடம் உதவியாளராகப் போக வேண்டும். திங்கள்கிழமை முதல் டூட்டி. பத்மநாபன்மேல் நடவடிக்கை ஒன்றும் இல்லை.

"மனசுக்குக் கஷ்டமா இருக்குதா?" என்றார் இவர்.

இருக்கிறது என்றேன். இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

ஜனவரி 5, ஞாயிறு

புதுச் சாப்பாட்டு டப்பா வாங்க வெண்பாவோடு ஸ்கூட்டரில் போனேன். பூங்கா சிக்னல். பின்னாலிருந்து அவள் கை என் தோளைத் தாண்டி நீண்டது.

"பச்சை!"

தலையைத் தூக்கிப் பார்த்தேன். பக்கத்தில் ஒரு ஆட்டோ உறுமிக்கொண்டிருந்தது.

"இல்ல. செவப்பு."

நீட்டிய கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். பிறகு, அன்று நான் அவளை அடித்த மாதிரியே, என் முதுகில் மெதுவாக ஒன்று வைத்தாள்.

"இப்பத்தான் பாத்த" என்றாள். "சரி, செவப்பு."

பச்சை விழும் வரை நின்றோம்.